தொழில்: இல்லை

கிராம சேவகர் தந்த நற்சான்றிதழில் 'தொழில்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் திருத்தச் சொல்லியிருப்பேனா தெரியாது. 2019 இல் எனக்கு 29 வயது. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் எட்டு வருடமாகப் பொடியளோடுதான் என் பின்னேரங்கள். விளையாட்டுக் கழகம், பின்னேர வகுப்பு, பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவனைத் தேடிப்போய்க் கதைப்பது, போதையில் சிக்கியவனின் தாயோடு திண்ணையில் பேசாமல் குந்தியிருப்பது, எல்லாம் அதற்குள் வரும். கையில் வரும் காசு வீட்டு விறாந்தையில் எடுக்கும் கணித ரியூசன் காசு மட்டும். ஊரில் கேட்டால் "சும்மா திரியிறான்" என்பார்கள். மரியாதை தெரிந்தவர்கள் "சமூக சேவை" என்பார்கள்.

எங்கள் ஊரிலிருந்து புலம்பெயர்ந்த அண்ணை ஒருவர் மூலம்தான் ஐரோப்பாவிலுள்ள ஓர் இளைஞர் அமைப்பின் தொடர்பு கிடைத்தது. எந்த நாடு என்று எழுதவில்லை, காரணம் பிறகு விளங்கும். ஐரோப்பிய ஒன்றியம் கல்விக்கும் இளைஞருக்கும் நிதி கொடுக்கும் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் இளைஞர் பணிக்கான, அதாவது இளைஞர்களோடு செய்யும் வேலைக்கான, திறன் விருத்தி என்று ஒரு பிரிவு அப்போது இருந்தது. ஐரோப்பாவுக்கு வெளியிலுள்ள அமைப்புகளையும் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டு விண்ணப்பிக்கலாம். உச்ச நிதி 150,000 யூரோ. தொகையைக் கேட்டதும் எங்கள் பொருளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது எல்லாப் பங்காளிகளுக்கும் சேர்த்து என்றும், எங்களுக்கு வருவது பயணமும் சாப்பாடும் பயிற்சிச் செலவும்தான் என்றும் சொன்ன பிறகு பழையபடி சாய்ந்துகொண்டார். (2021 இலிருந்து திட்டம் புதிய விதிகளோடு நடக்கிறது. இப்போது யோசிப்பவர்கள் அந்தந்த வருட வழிகாட்டியைப் பார்த்துத்தான் இறங்கவேண்டும்.)

முதலில் அமைப்பை இணையத்தில் பதிந்து ஒன்பது இலக்க எண் ஒன்று எடுக்கவேண்டும். அதற்குப் பிரதேச செயலகத்தில் பதிந்த சான்றிதழும் அமைப்பின் விதிகளான யாப்பும் தேவைப்பட்டன. எல்லாம் தமிழில். மொழிபெயர்ப்பித்த பிறகுதான் பார்த்தோம், பதிவில் 'சனசமூக நிலையமும் வாசிகசாலையும்' என்று இருக்கிறது, எங்கள் றப்பர் முத்திரையில் 'சனசமூக நிலையம்' மட்டும். நெல்லியடிக்குப் போய்ப் புது முத்திரை அடித்தோம். பங்காளிகள் முதன்மை அமைப்புக்குக் கொடுக்கும் ஒப்புதல் கடிதத்தில் தலைவர் கையெழுத்து வைக்கவேண்டும். எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். "தம்பி, உதில என்ன எழுதிக் கிடக்கெண்டு முதல் தமிழில சொல்லு, பிறகு பாப்பம்" என்றார். ஒவ்வொரு பந்தியாகச் சொல்லி முடிக்க இருட்டிவிட்டது. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் பங்காளிகளில் தாங்கள் எதற்குக் கையெழுத்து வைக்கிறோம் என்று முழுதாகத் தெரிந்து வைத்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

ஜனவரியில் விண்ணப்பம் போனது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று நாட்டில் குண்டுகள் வெடித்தன. ஊரடங்கு, வாட்ஸ்அப்பும் முகநூலும் முடக்கம். இனி எங்களைக் கழற்றிவிடுவார்கள் என்றே நினைத்தோம். கழற்றவில்லை. ஆடி மாதம் நிதி கிடைத்தது என்று மின்னஞ்சல் வந்தது. ஒக்டோபரில் அங்கே ஒரு வாரப் பயிற்சி, எங்களிலிருந்து இரண்டு பேர்: நானும், எங்களோடு வேலை செய்யும் முன்பள்ளி ஆசிரியை ஒரு தங்கச்சியும்.

சரி, விசா. இரவு பஸ்ஸில் கொழும்பு. முறிகண்டியில் இறங்கி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினோம். கட்டணம் 60 யூரோ, அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 12,000 ரூபா. விரலடையாளம், 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்புறுதி, வங்கிக் கணக்கு விபரம், அழைப்புக் கடிதம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார், என்ன வேலை என்று. இளைஞர்களோடு வேலை செய்கிறேன் என்றேன். சம்பளம்? இல்லை. அப்படியென்றால் அது எப்படி வேலை? நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தங்கச்சிக்குக் கிடைத்தது. அவளிடம் முன்பள்ளிச் சம்பளக் கடிதம் இருந்தது, சின்னத் தொகைதான். எனக்கு மறுப்பு. அச்சிட்ட படிவத்தில் ஒரு பெட்டியில் புள்ளடி: விசா முடியுமுன் நாட்டைவிட்டு வெளியேறும் எண்ணம் உறுதிப்படவில்லையாம். யாழ்ப்பாணத்துப் பொடியன், கலியாணம் கட்டவில்லை, சம்பளமில்லை. எங்கள் ஊரில் அந்தப் படிவம் பல வீட்டு அலுமாரிகளில் இருக்கிறது.

நாலு நாள் கழித்து, கோபம் கொஞ்சம் ஆறிய பிறகு, கோப்பை எடுத்து ஒவ்வொரு தாளாக வாசித்தேன். அழைப்புக் கடிதத்தில் நான் 'இளைஞர் பணியாளர்'. நானே நிரப்பிய விண்ணப்பத்தில் 'தொண்டர்'. கிராம சேவகர் சான்றிதழில் 'இல்லை'. ஒரே ஆள், மூன்று விதமாக. முத்திரையில் ஒரு சொல் பிழைத்ததற்கு நெல்லியடி வரை ஓடியவன் இதைப் பார்க்கவில்லை. மறுப்புக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மேசையில் நான் இருந்திருந்தாலும் யோசித்திருப்பேன்.

பங்காளிகள் நல்லவர்கள். யாழ்ப்பாணத்துக்கு மூன்று நாள் பார்க்க வருவதாக இருந்ததை ஒரு வாரப் பயிற்சியாக மாற்றினார்கள். அதே 2019 ஓகஸ்டிலிருந்து உல்லாசப் பயணத்தை மீட்க 48 நாட்டவருக்கு எங்கள் அரசு விசாக் கட்டணத்தையே நீக்கியிருந்தது. ஆகவே அவர்கள் ஒரு சதமும் கட்டாமல், ஒரு கேள்வியும் கேட்கப்படாமல், 2020 தைப்பொங்கல் முடிந்த கையோடு வந்திறங்கினார்கள்.

பயிற்சி எங்கள் சனசமூக நிலையத்திலேயே. பத்திரிகை மேசையை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்தோம். நடத்திய பெண் இளைஞர் பணியில் பட்டம் பெற்றவர், மாதச் சம்பளம் வாங்குபவர். அவர்களிடம் யூத்பாஸ் என்ற சான்றிதழ் முறை இருக்கிறது. அந்த மாதிரியிலேயே எங்களுக்கும் செய்தார்கள். அதில் இன்னார் வந்தார், இருந்தார் என்று மட்டும் எழுதிக் கொடுப்பதில்லை. என்ன கற்றேன் என்பதைப் பங்குபற்றியவரே எட்டுத் திறன்களின் கீழ் எழுதவேண்டும்: எழுத்து வாசிப்பு, பிற மொழி, கணிதமும் அறிவியலும், டிஜிட்டல், தன்னையறிந்து கற்பது, குடிமை, முயற்சியாண்மை, பண்பாடு.

எங்கள் ஆட்களுக்குத் தங்களைப் பற்றி எழுத வராது. முதல் நாள் எல்லாத் தாளிலும் 'ஒற்றுமையாகச் செயற்படக் கற்றுக்கொண்டேன்'. அந்தப் பெண் தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு, நடந்த ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். நான் உதைபந்தாட்டப் போட்டிச் சண்டையைச் சொன்னேன். 2017 இல் பக்கத்து ஊர்க் கழகத்தோடு அரையிறுதி. ஓவ்சைட் என்று தொடங்கி வேலித்தடி வரை போனது. பிறகு நான் தீர்த்துவைத்தேன்.

"தீர்த்தது என்றால் என்ன செய்தீர்கள்?"

"கதைச்சன்."

"யாரோடு முதலில்?"

அங்கேதான் நின்று யோசித்தேன். அடித்தவனோடு நான் முதலில் கதைக்கவில்லை, அவனுடைய பெரியம்மாவோடு கதைத்தேன். அவன் வேறு யாருக்கும் அடங்கமாட்டான் என்று தெரியும். பிறகு அடிவாங்கியவனின் ஆஸ்பத்திரித் துண்டைப் பார்த்தேன், ஆறு தையல். இரண்டு கழகச் செயலாளர்களையும் மூன்றாவது ஊர்த் தேத்தண்ணிக் கடையில் சந்திக்கவைத்தேன், எங்கள் ஊரில் வைத்தால் அவர்கள் வரமாட்டார்கள். மறு ஆட்டத்துக்கு மத்தியஸ்தரையும் அந்த மூன்றாவது ஊரிலிருந்தே எடுத்தோம். மொழிபெயர்த்துக்கொண்டிருந்த தங்கச்சி "அண்ணை, உதை நீங்கள் எங்களுக்கே சொல்லேல்லையே" என்றாள். எனக்கே அன்றுதான் வரிசையாகத் தெரிந்தது.

கணிதப் பெட்டியில்தான் எல்லோரும் தடுமாறினோம். அந்தச் சண்டை நடந்த 2017, நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு பிடித்த வருடம். சிரமதானம் செய்தபோது ஒரு பொடியன் ஒழுங்கை ஒழுங்கையாகச் சிரட்டை, ரயர், யோகட் கோப்பை எத்தனை எடுத்தோம் என்று கொப்பியில் எழுதி, எந்த ஒழுங்கைக்குத் திரும்பப் போகவேண்டும் என்று பிரித்து வைத்தான். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாதவன். அந்தக் கொப்பியைத் தேடிக் கொண்டுவந்து காட்டினான். பெட்டி நிரம்பியது.

இரவில் முற்றத்தில் இருந்து கதைக்கும்போது பயிற்சி நடத்திய அந்தப் பெண் மால்ட்டாவைப் பற்றிச் சொன்னார். 2014 இலேயே இளைஞர் பணியை ஒரு தொழிலாக ஏற்றுச் சட்டம் போட்ட நாடு. யாழ் மாவட்டத்தின் பரப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே வரும் தீவு நாடு. ஐரோப்பியப் பேரவையும் 2017 இல் இளைஞர் பணியைப் பற்றித் தனிப் பரிந்துரை ஒன்று வெளியிட்டிருக்கிறது. இங்கே ஒன்றுமில்லை என்று சொல்லவும் முடியாது. தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் 1979 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது, சம்பளத்தோடு அலுவலர்கள் இருக்கிறார்கள். அந்தக் கதிரைகளுக்கு வெளியே நின்று அதே வேலையைச் செய்பவனுக்குத்தான் பெயரில்லை.

சான்றிதழ் கையில் வந்த பிறகு பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஓர் அலுவலகத்தில் காட்டினேன். "இது என்.வி.கியூ.வில எத்தினையாம் மட்டம்?" என்று, அரசின் தொழிற்தகைமை மட்டத்தைக் கேட்டார்கள். மட்டம் இல்லை என்றேன். கோப்பை மூடித் தந்தார்கள். பிறகு மார்ச் வந்தது, கொரோனா வந்தது, எல்லாம் பூட்டு. அந்த வருடக் கடைசியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள அலுவலர் வேலைக்கு நேர்முகம். அங்கேயும் சான்றிதழை யாரும் புரட்டவில்லை. உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். முந்தியென்றால் 'சமூக சேவை' என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன். அன்றைக்குப் பெரியம்மாவிலிருந்து தொடங்கினேன், நிறுத்தச் சொல்லும்வரை கதைத்தேன்.

வேலைக்கு எடுத்தார்கள். கிராம சேவகர் சான்றிதழ் புதிதாக வேண்டும் என்றார்கள், பழையது செல்லுபடியாகும் ஆறு மாதம் எப்போதோ கடந்திருந்தது. அதே கிராம சேவகர். 'தொழில்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனை நின்றது.

"இப்ப என்ன தம்பி போடுறது? வேலைக்கு இனித்தானே சேரப்போறீர்."

"இளைஞர் பணியாளர் எண்டு போடுங்கோ, ஐயா. போன முறையும் அதுதான்."

என்னை ஒருக்கால் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய மகன் எங்கள் கழகத்தில் பின்வரிசையில் விளையாடுபவன். பிறகு எழுதினார். எழுதிவிட்டு, ஏனோ, அடைப்புக்குறிக்குள் 'தொண்டர்' என்றும் சேர்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. முத்திரை குத்தி, மை காய ஊதி, பிரதேச செயலாளரின் மேலொப்பத்துக்குக் கொண்டுபோகச் சொல்லித் தந்தார்.