செசேனா சதுக்கத்தில் கிடந்த கத்தி

இத்தாலிய அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி என்றதும் பலருக்கு வஞ்சகம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஆள்வது எப்படி என்று சொல்லும் ‘இளவரசன்’ என்ற அந்தச் சிறு நூலை எழுதுவதற்குச் சில மாதங்கள் முன்புதான், அதிகாரம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதைத் தம் தோள்களிலேயே அவர் அனுபவித்திருந்தார். 1498 முதல் ஃபுளோரன்ஸ் குடியரசின் செயலர்களில் ஒருவராக இருந்த அவரை, 1512இல் மெடிசி குடும்பம் ஆட்சிக்குத் திரும்பியதும் பதவியிலிருந்து நீக்கினார்கள். மறு ஆண்டு தொடக்கத்தில் சதிக் குற்றம் சாட்டிச் சிறையில் அடைத்து, கைகளைப் பின்னால் கட்டிக் கயிற்றில் மேலே இழுத்துச் சட்டென்று கீழே விடும் சித்திரவதைக்கு 6 முறை ஆளாக்கினார்கள். விடுதலைக்குப் பிறகு பகற்பொழுதை மரம் வெட்டுவோரோடும் சத்திரத்து ஆட்களோடும் கழித்துவிட்டு, மாலையில் சேறு படிந்த உடையைக் களைந்து, அரசவைக்குரிய உடை அணிந்து பழைய நூல்களோடு அமர்வதாக, 1513 டிசம்பரில் நண்பர் வெட்டோரிக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். அந்தக் கடிதத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நான் இந்நூலை வாசிக்கிறேன்.

நான் அடிக்கடி திரும்பிச் செல்வது 7ஆம் அத்தியாயத்துக்கு. கொள்ளையும் பூசலும் மலிந்திருந்த ரோமாஞா என்ற இத்தாலியப் பகுதியைக் கைப்பற்றிய, போப்பின் மகனான சீசர் போர்ஜியா, அதை அடக்கும் பொறுப்பை ரெமிரோ தே ஓர்க்கோ என்ற கொடியவரிடம் முழு அதிகாரத்தோடு ஒப்படைத்தார். அமைதி திரும்பியது, வெறுப்பும் வளர்ந்தது. 1502 டிசம்பர் 26 காலை, செசேனா நகரின் சதுக்கத்தில் ரெமிரோவின் உடல் இரண்டு துண்டுகளாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு மரக்கட்டை, இரத்தம் தோய்ந்த ஒரு கத்தி. மக்கள் மனநிறைவும் அடைந்தார்கள், திகைத்தும் போனார்கள் என்று மாக்கியவெல்லி எழுதுகிறார். ஃபுளோரன்ஸின் தூதராக அப்போது அந்நகரிலேயே தங்கியிருந்தவர் அவர்.

இதைக் கொடுமைக்குப் பாடிய புகழ்ப்பா என்று கொள்ள என்னால் இயலவில்லை. அவர் அளந்து பார்ப்பது மக்களின் வெறுப்பை. அன்பு, அச்சம் இரண்டையும் சேர்த்துப் பெற முடியாவிட்டால் அச்சமே பாதுகாப்பானது என்று 17ஆம் அத்தியாயத்தில் சொல்பவர், வெறுப்பை மட்டும் சம்பாதிக்கவே கூடாது என்றும், மக்களின் உடைமைகளில் கைவைக்கக் கூடாது என்றும் அதே இடத்தில் வற்புறுத்துகிறார். தந்தை கொல்லப்பட்டதைக்கூட மறந்துவிடும் மனிதர்கள் தந்தையின் சொத்து பறிபோனதை அவ்வளவு எளிதில் மறப்பதில்லை என்பது அவர் கூறும் காரணம். கசப்பான கணிப்புதான், ஆனால் ஆள்பவனின் கையைக் கட்டிப்போடும் கணிப்பு அது.

1503இல் சீசரின் தந்தை போப் ஆறாம் அலெக்சாண்டர் இறந்தபோது சீசரும் நோயில் கிடந்தார். அதன்பின், போர்ஜியா குடும்பத்தால் பாதிக்கப்பட்டிருந்த இரண்டாம் ஜூலியஸ் போப்பாவதற்குச் சீசரே இடங்கொடுத்ததுதான் அவருடைய அழிவுக்குக் காரணம் என்று அத்தியாயம் முடிகிறது. புதிய உதவிகள் பழைய காயங்களை மறக்கச் செய்யும் என்று நம்புகிறவன் ஏமாந்துபோவான் என்பது அங்கே அவர் தரும் எச்சரிக்கை. அப்படி எழுதியவர்தான், தம்மைச் சிறையிலிட்ட அதே மெடிசி குடும்பத்தின் லோரென்சோவுக்கு நூலைக் காணிக்கையாக்கி, தம் நிலையைச் சற்றே நோக்குமாறு முன்னுரையில் வேண்டிக்கொண்டார். லோரென்சோ அவரைப் பணிக்கு அழைக்கவில்லை. நூல் அச்சேறியது 1532இல், அவர் இறந்து 5 ஆண்டுகளுக்குப் பின்.