தாத்தாவின் பிஸ்கட் பெட்டியும் 47 கார்டுகளும்

இலங்கை மலைநாட்டு நோர்வூட்டில் எங்கள் லயத்து வீட்டுக் கூரைத் தகரத்தை மாற்றியபோது பரணிலிருந்து ஒரு மலிபன் பிஸ்கட் பெட்டி இறங்கியது. உள்ளே ரப்பர் பட்டி போட்ட சின்னக் கார்டுகள், கூடவே இரண்டு ஆல்பங்கள். கார்டின் ஒரு பக்கம் பறவை, மிருகம், பட்டாம்பூச்சி என்று படம்; மறுபக்கம் ஆங்கிலக் குறிப்பு, புரூக் பாண்ட் என்ற தேயிலைக் கம்பனியின் பெயர்.

தாத்தா தோட்டத்துத் துரையின் பெரிய பங்களாவில் அப்புவாக, அதாவது வீட்டுப் பணியாளாக, இருந்தவர். துரையின் பிள்ளைகள் சீமையில் படித்தார்கள். அங்கே தேயிலைப் பாக்கெட்டுக்குள் கிடைத்த கார்டுகளை விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்து, குடும்பத்தோடு ஒரேயடியாகப் போனபோது தாத்தாவிடம் விட்டுவிட்டார்களாம். எங்கள் மலைக் கொழுந்து கப்பலேறிப் போக, அதன் பாக்கெட்டுக்குள் இருந்த கார்டு இங்கே வந்து புகைபடிந்த பரணில் உட்கார்ந்திருக்கிறது.

சித்தப்பாதான் ஆசையைக் கிளப்பினார். "மகன், இது லட்சக்கணக்கில போகும்டா." ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்போல் வீரரின் சிகரெட் பாக்கெட் கார்ட் ஒன்று 2022இல் 72 லட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு விற்றதை யூடியூப்பில் பார்த்திருக்கிறார். அது 1909இல் தொடங்கி வந்த வரிசை. அவருடைய கார்டை அச்சிடுவதைச் சீக்கிரமே நிறுத்திவிட்டதால் மிஞ்சியவை மிகக் கொஞ்சம். அந்த விலை வந்தது அதனால்தான். இது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

முதல் வேலையாகப் பொறுமையில்லாமல் ஒரு தப்புச் செய்தேன். ஆல்பத்தில் ஒட்டியிருந்த ஒரு கார்டை, தபால் முத்திரை கழற்றுவதுபோல வெந்நீரில் போட்டேன். பசை விடவில்லை, கார்ட்தான் இரண்டு தோலாகப் பிரிந்தது. அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கூடுதலாக உறுத்தியது. அதற்கப்புறம் ஒட்டியவற்றை நான் தொடவே இல்லை. சேகரிப்பவர்கள் ஆல்பத்தில் ஒட்டிய கார்டுக்கு உதிரியாக இருப்பதைவிடக் குறைவாகத்தான் தருவார்கள்.

பிறகு மேசையில் பழைய பேப்பர் விரித்து, கார்டுகளை எண் வரிசையில் அடுக்கினேன். பின்பக்கத்தில் வரிசையின் பெயரும் எண்ணும் இருப்பதால் இது சுலபம். 1961இன் ட்ராபிகல் பேர்ட்ஸ், 1962இன் ஏசியன் வைல்ட் லைஃப், 1963இன் பிரிட்டிஷ் பட்டர்ஃபிளைஸ். ஒவ்வொன்றும் 50 கார்ட். பின்பக்க மையின் நிறத்தையும் பார்த்தேன்: ஏசியன் வைல்ட் லைஃப் முதலில் நீல மையில் வந்தது, பிற்கால மறுபதிப்பு கறுப்பு. எங்களுடையது நீலம். சித்தப்பா அதற்கே கை தட்டினார்.

அடுத்தது நிலைமை. மூலை மழுங்கல், நடுவில் மடிப்பு, ராமபாணப் பூச்சி அரித்த ஓரம், எங்கள் ஊர்ப் பனியும் மழையும் கொண்டுவந்த பழுப்புப் புள்ளிகள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் சில மடிப்புகள் தெரிகின்றன. உண்மையாகச் சுத்தமானவை பாதிகூடத் தேறவில்லை.

விலையை ஈபே என்ற இணைய விற்பனைத் தளத்தில் தேடினேன். முதலில் கண்ணில் பட்டவை விற்பவர்கள் ஆசைப்பட்டுப் போட்ட தொகைகள். பார்த்து ஒரு இரவு தூங்கவில்லை. விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி வடிகட்டியதும் மயக்கம் தெளிந்தது. 50ம் நிறைந்த நல்ல செட்டே சில ஸ்டெர்லிங் பவுண்தான். 1927 முதல் இருக்கும் லண்டன் சிகரெட் கார்ட் கம்பனியின் விலைகளும் கிட்டத்தட்ட அப்படியே. பிரிட்டனில் வீட்டுக்கு வீடு தேயிலை வாங்கினார்கள், பிள்ளைகள் சேர்த்தார்கள், அம்மாமார் பத்திரப்படுத்தினார்கள். அப்புறம் எப்படி அரிதாகும்? 1954இல் வந்த முதல் வரிசை, 20 கார்ட் மட்டும் கொண்ட பிரிட்டிஷ் பேர்ட்ஸ், இவற்றைவிட நல்ல விலை போகிறது. பெட்டியை இரண்டு தடவை கவிழ்த்துப் பார்த்தேன். அந்த வரிசையில் ஒன்றுகூட இல்லை.

சித்தப்பா இன்னும் நம்பவில்லை. கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொல்கிறார். பஸ் காசுக்குக்கூட வராது என்று சொல்லிவிட்டேன்.

ஏசியன் வைல்ட் லைஃபில் 47 இருக்கின்றன. 12, 31, 44 இல்லை. தனிக் கார்டாகவும் விற்கிறார்கள், ஆனால் மூன்றின் விலையைவிட இங்கிலாந்திலிருந்து வரும் தபால் செலவு கூட. சம்பளம் வந்ததும் எடுப்பிக்கப் போகிறேன். அம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.