வாயு என்று சொல்லித் தள்ளிப்போடும் நெஞ்சுவலி

மாரடைப்போடு வந்த பெண்ணைக் கட்டிலில் படுக்கவைத்து, "வலி எப்போம்மா ஆரம்பிச்சது?" என்று டாக்டர் கேட்டால், "நேத்து சாயங்காலமே" என்பதுதான் பல நேரம் பதில். தங்கச்சிமடம், பாம்பன், ஏர்வாடி, வாலிநோக்கம், எந்த ஊரானாலும் நடுவில் போன இரவு ஒரே மாதிரிதான் இருக்கும். ஓமத்தண்ணி, இஞ்சிச்சாறு, சோடா, மருந்துக்கடையில் வாங்கிய கேஸ் மாத்திரை. ஆண்கள் கடலுக்குப் போயிருப்பார்கள். அவர்கள் கரை ஏறட்டும் என்று இன்னும் சில மணி நேரம். இந்த ராமநாதபுரம் கரையில் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி ஏறி இறங்கும் எங்களுக்குத் தெரிந்தவரை, அடுப்படியில் இருந்து முதல் ஈசிஜி வரைக்கும் ஆகிற தாமதம்தான் உயிரை வாங்குகிறது. அதைக் குறைக்கும் வழியைத்தான் எழுதுகிறோம்.

பெண்களுக்கு நெஞ்சுவலியே வராது என்று சிலர் சொல்வது தவறு. மாரடைப்பு வரும் பெண்களில் பெரும்பாலானோருக்கு நெஞ்சில்தான் தொந்தரவு தொடங்குகிறது. ஆனால் அதை அவர்கள் வலி என்று சொல்வதில்லை. "நெஞ்சு அடைக்குது", "பாரமா இருக்கு", "எரியுது" என்பார்கள். கூடவே குமட்டல், மூச்சு வாங்குதல், தாடைவலி, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே முதுகுவலி, குளிர்ந்த வியர்வை வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் கூடுதல் அறிகுறிகள் அதிகம் என்பதால் கவனம் வயிற்றுக்கும் முதுகுக்கும் போய்விடுகிறது. சில வாரங்களாகவே காரணமில்லாத சடவு, தூக்கக் குறைவு இருந்ததாகப் பின்னால் சொல்வார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலாகவும் வரலாம்.

வாயுவா, இதயமா என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. தாடைக்கும் தொப்புளுக்கும் நடுவில் புதிதாக ஒரு தொந்தரவு வந்து, ஓய்வெடுத்தும் பத்து, பதினைந்து நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் ஈசிஜி எடுத்தாக வேண்டும். வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்திருந்தால் அந்தப் பத்து நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள். பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோவதை நிறையப் பார்க்கிறோம். வழியில் இதயத் துடிப்பு தாறுமாறானால் பைக்கில் எதுவுமே செய்ய முடியாது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவரை நடக்கவிடாமல் சாய்த்து உட்காரவையுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை, குடல்புண் ரத்தக்கசிவு இல்லாதவர் என்றால், 108-இல் பேசுபவரிடமோ டாக்டரிடமோ கேட்டு 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லலாம். மெல்லும்போதுதான் அது சீக்கிரம் வேலை செய்யும். நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டை அடுத்த வீட்டில் கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். பிபி ஏற்கெனவே இறங்கியிருந்தால் அது இன்னும் கீழே தள்ளும்.

ஆள் மயங்கிச் சாய்ந்து, கூப்பிட்டால் பதிலில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் நெஞ்சை அழுத்த வேண்டும். பெண் என்பதால் சுற்றி நிற்பவர்கள் கை வைக்கத் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கம் உலகம் முழுக்க இருக்கிறது, இதனால் உயிர்கள் போகின்றன. நடு நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கை அடியை வைத்து, 5 சென்டிமீட்டர் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். சேலையை விலக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, துணிக்கு மேலேயே அழுத்தலாம்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. ஓபி வரிசையில் நிற்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய், "நெஞ்சு அடைக்குது, ஈசிஜி எடுக்கணும்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். "அக்காவுக்கு வயித்துல வாயு" என்று கூடவந்த தங்கச்சி ஆரம்பித்தால் சீட்டிலும் அதுதான் ஏறும், ஜெலுசிலோடு திருப்பி அனுப்பப்படுவீர்கள்.

பெண்களின் ஈசிஜி பிசகும் இடம் ஒன்று உண்டு. நெஞ்சில் ஒட்டும் ஆறு முனைகளில் முதல் இரண்டும் நெஞ்செலும்பின் வலப்பக்கமும் இடப்பக்கமும் நான்காம் விலா இடைவெளியில் வர வேண்டும். நான்காவது, ஐந்தாம் இடைவெளியில், காறை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழே வரும். ஐந்தும் ஆறும் அதே மட்டத்தில் அக்குள் பக்கம் போகும். மார்பகம் பெரிதாக இருந்தால் அதைத் தூக்கி, அதன் அடியில் ஒட்ட வேண்டும். கூச்சத்தால் ஜாக்கெட்டின் மேல் கொக்கியை மட்டும் கழற்றிவிட்டுப் படுத்தால் முனைகள் எல்லாம் ஒரு விலா மேலே ஏறிவிடும். அலைகளின் உயரம் மாறி, இல்லாத மாரடைப்பு தெரியலாம், இருப்பது மறையலாம். ஆகவே திரை போடச் சொல்லுங்கள், பெண் ஊழியர் வேண்டும் என்று கேளுங்கள், ஆனால் உள்ளாடையைக் கழற்றிவிடுங்கள். எண்ணெய், பவுடர், கடல்தண்ணீர் உப்புப் படிந்த தோலை ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டால் முனை நன்றாகப் பிடிக்கும். வலி முதுகில்தான் அதிகம் என்றால் அதையும் சொல்லுங்கள். இதயத்தின் பின்சுவரைப் பார்க்க, இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே முனை வைத்து இன்னொரு ஈசிஜி எடுக்க முடியும்.

முதல் ஈசிஜி நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். தொந்தரவு நீடிக்கும்வரை, முதல் ஒரு மணி நேரத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப எடுப்பார்கள். டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். இதயத் தசை சிதைந்து சில மணி நேரம் ஆனபின்தான் அது கூடும் என்பதால் ஒரே ஒரு முடிவை வைத்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியாது. "திரும்ப எப்போது எடுப்பீர்கள்?" என்று கேட்பது உங்கள் உரிமை.

2023 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் முதல் வேளை மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள். ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றும் சேர்த்து மொத்தம் 14 மாத்திரை. இத்தனையை ஒரே நேரத்தில் விழுங்கச் சொல்கிறார்களே என்று பயந்து பாதியைப் பையில் போட்டுக்கொள்வார்கள். அது ஒரே வேளைக்கான அளவு, முழுதாக விழுங்க வேண்டும். என்ன கொடுத்தார்கள், எத்தனை மணிக்கு என்று எழுதிய சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆஸ்பத்திரியில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர், மதுரை சுமார் 170 கிலோமீட்டர். இதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு என்று ஈசிஜி காட்டினால், இரண்டு மணி நேரத்துக்குள் அடைப்பைப் பார்த்து நீக்கும் ஆஞ்சியோ மேசைக்குப் போக முடியாதவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அருகிலேயே போட்டுவிட்டு அனுப்புவதுதான் முறை. வந்த அரை மணி நேரத்தில் போட வேண்டும். வலி தொடங்கி 12 மணி நேரம் வரை போடலாம், முதல் மூன்று மணி நேரத்தில்தான் பலன் மிக அதிகம். "இங்க ஊசி வேணாம், நேரா மதுரைக்கே போயிர்றோம்" என்று உறவினர்கள் பிடிவாதம் பிடிப்பதுதான் எங்களுக்கு மிகவும் வேதனையான கட்டம். பாம்பன் பாலம் தாண்டி, உச்சிப்புளி தாண்டிப் போகிற ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். ஊசி வேலை செய்தாலும் பின்னால் ஆஞ்சியோ தேவைப்படும். 3 முதல் 24 மணி நேரத்துக்குள் அதைச் செய்வதே வழக்கம்.

ஊசிக்கு முன் டாக்டர் கேட்பவற்றுக்கு ஒளிக்காமல் பதில் சொல்ல வேண்டும்: பக்கவாதம் வந்ததுண்டா, அண்மையில் ஆபரேஷனா, தலையில் அடியா, ரத்த வாந்தியா, கர்ப்பமா. மாதவிலக்கு நாளாக இருந்தால் சொல்லுங்கள், ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. எடைக்கேற்ப அளவு மாறும் மருந்து இருப்பதால் சரியான எடையையும் சொல்லுங்கள். எடை குறைவான பெண்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்து கூடுதல்.

ஆஞ்சியோவில் பெரிய அடைப்பு எதுவும் இல்லை என்று வரும் முடிவு ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். வீட்டில் அதைக் கேட்டு, "ஒண்ணுமில்லையாம், மனசுதான் காரணம்" என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். ஆஞ்சியோவில் தெரியாத நுண் ரத்தக்குழாய்களில் கோளாறு இருக்கலாம், குழாய் இறுகித் தளர்ந்திருக்கலாம், பிரசவம் ஆன சில வாரத்திலேயே குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். டிரோபோனின் கூடியிருந்தால் காரணம் தேடியாக வேண்டும்.

இனி, இந்த இடத்துக்கு வராமல் தடுப்பது. 30 வயது தாண்டிய யாருக்கும் அரசு நிலையங்களில் பிபி, சுகர் இலவசமாகப் பார்க்கிறார்கள். பிபி பார்க்கும் முன் ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதிய உட்கார வேண்டும். கட்டிலில் காலைத் தொங்கவிட்டு, பேசிக்கொண்டே பார்த்தால் கூடுதலாகக் காட்டும். ஜாக்கெட் கையை இறுக்கமாகச் சுருட்டிவிட்டாலும் கணக்கு கெடும். மேற்கை சுற்றளவு 32 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் பெரிய பட்டை கேளுங்கள், சின்னப் பட்டை இல்லாத பிபியைக் காட்டும். 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் வேறொரு நாளும் பார்த்து உறுதி செய்வார்கள். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் அளக்க வேண்டும், பாவாடை நாடா கட்டும் இடத்தில் அல்ல.

பிள்ளைப்பேறு முடிந்ததும் தாய் சேய் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கர்ப்பத்தில் பிபி கூடி வலிப்புக்கு முந்தைய நிலை வந்தவருக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு சுமார் இரு மடங்கு. கர்ப்பகாலச் சர்க்கரை, 40 வயதுக்கு முன்பே நின்றுபோன மாதவிலக்கு, சினைப்பை நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) ஆகியவையும் கணக்கில் வரும். எந்த டாக்டரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் நாள் முழுக்க உடம்பை வருத்துகிறார்கள், அவர்களிடம் போய் நடைப்பயிற்சி பற்றிப் பேசுவதில் பொருளில்லை. அங்கே கேட்க வேண்டியவை வேறு. வெற்றிலையோடு புகையிலை போடுகிறார்களா? மென்று துப்பினாலும் அது இதயத்தைக் கெடுக்கும். உடம்புவலிக்கு அடிக்கடி டைக்ளோஃபெனாக் ஊசி, மாத்திரை எடுக்கிறார்களா? அது பிபியை ஏற்றும், மாரடைப்பு ஆபத்தையும் கூட்டும். கருவேல விறகுப் புகைக்குள் சமையலா? ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராம்தான், ஒரு தேக்கரண்டி. கருவாட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, இரண்டு முறை தண்ணீர் மாற்றி, உப்பே போடாமல் குழம்பு வைத்தாலும் வாரம் ஒரு நாள் போதும். சாளையும் நெத்திலியும் பச்சையாகக் கிடைக்கிற ஊர் இது. அவற்றைக் குழம்பாக வைத்தால் இதயத்துக்கு நல்லது, ரேஷன் பாமாயிலில் பொரித்தால் அந்த நன்மை போய்விடும். சர்க்கரை நோய்க்குக் கருப்பட்டி ஆகும் என்பதை நம்பாதீர்கள், அதுவும் சர்க்கரைதான்.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனாலும் டப்பாவில் மிச்சம் கிடக்கும். பிபி மாத்திரையான அம்லோடிபின் எடுத்தால் கணுக்கால் வீங்கலாம், கிட்னி போய்விட்டது என்று பயந்து நிறுத்துவார்கள். இன்னொரு பிபி மாத்திரையான எனலாப்ரில் எடுத்தால் வறட்டு இருமல் வரலாம், பெண்களுக்கு இது அதிகம். இரண்டுக்கும் மாற்று மாத்திரை உண்டு. டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் நோன்பு வைக்கும் பெண்கள், நோன்பு தொடங்குமுன்பே டாக்டரைப் பார்த்து மாத்திரைகளை விடியலுக்கு முன் சாப்பிடும் சஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் மாற்றி எழுதி வாங்கிவிடுங்கள். இன்னும் குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். எனலாப்ரில் கர்ப்பத்தில் ஆகாது, அட்டோர்வாஸ்டாட்டினும் பொதுவாக நிறுத்தப்படும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்கிவையுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று விஏஓ சான்று, ரேஷன் அட்டை, ஆதார் இருந்தால் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதியலாம். அடிக்கடி சிக்குவது மருமகள்கள்தான். பிறந்த வீட்டு ரேஷன் அட்டையில் பெயர் நீக்காமல், புகுந்த வீட்டு அட்டையில் சேர்க்காமல் வருடக்கணக்கில் விட்டிருப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் கரையில் இருப்பார்கள். அந்த நாட்களில் பெயர் சேர்க்கும் வேலையையும் முழுப் பரிசோதனையையும் சேர்த்து முடித்துவிடலாம்.

அடைப்பை விரித்துப் பிடிக்க ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினோடு தரும் இரண்டாவது ரத்தம் உறையா மாத்திரையை மாரடைப்புக்குப் பின் பொதுவாக ஓராண்டு எடுக்க வேண்டும். பல் பிடுங்கவோ வேறு ஏதாவது சிகிச்சைக்கோ போகும்போது யாராவது நிறுத்தச் சொன்னால், ஸ்டென்ட் வைத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிவிடலாம். மாதவிலக்கில் ரத்தப்போக்கு கூடினாலும் இதே வழிதான். மாத்திரையை விடாமல், சீட்டையும் டிஸ்சார்ஜ் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே போய் டாக்டரைப் பாருங்கள்.