வெயில் காலத்தில் ஒருநாள் பயணம்: கிளம்பும் முன் போடவேண்டிய கணக்கு

ஒருநாள் பயணம் சொதப்புவது பெரும்பாலும் தூரத்தால்தான். ஒரு வழிக்கு 2 மணி நேரத்தைத் தாண்டும் இடத்தை விட்டுவிடுங்கள். பாதி நாள் வண்டியிலேயே போய்விடும். காலை 6 மணிக்குக் கிளம்பி, அருவி, மலை, காட்டுப்பாதை எல்லாவற்றையும் 11 மணிக்குள் முடியுங்கள். உச்சி வெயிலுக்குப் பக்கத்து ஊரின் அருங்காட்சியகம் சரி. அதன் வார விடுமுறையை முதல் நாளே பாருங்கள்.

நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர் வேண்டும். முந்தின ராத்திரி பாட்டிலைப் பாதி மட்டும் நிரப்பி, ஃப்ரீசரில் சாய்த்து வையுங்கள். காலையில் மீதியை நிரப்பினால் வெகுநேரம் சில்லென்றிருக்கும். முழுக்க நிரப்பி வைத்தால் பாட்டில் விரிசல் விடும், உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும்.

ஆற்றில் இறங்கினால் தண்ணீர் மேல் கண் இருக்கட்டும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ உடனே கரையேறுங்கள், பையைக்கூட எடுக்க நிற்காதீர்கள். தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும், மேலே எங்கோ பெய்த மழை வெள்ளமாக வரும்.

மலைப்பகுதியில் சிக்னல் போய்விடும். மேப்பை வீட்டிலேயே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள்.