மலை ஊரில் வங்கிக் கிளை: ஏசியைக் குறையுங்கள், ஓதத்தைக் கவனியுங்கள்

தலைமை அலுவலகத்திலிருந்து வரும் கிளை வரைபடம் பெரும்பாலும் சமவெளியை மனதில் வைத்துப் போட்டதாக இருக்கும். முகப்பு முழுக்கக் கண்ணாடி, கூடத்துக்கு நான்கு டன் ஏசி, பளீரென்ற வெள்ளை விளக்கு. மதுரைக்கு அது சரி. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அதையே கட்டினால் ஒரே மழைக்காலத்தில் சுவர் கறுத்துவிடும், பெயர்ப்பலகைக்குள் தண்ணீர் நிற்கும். வங்கியின் நிறம், எழுத்து, கவுன்டரின் உருவம் இந்த மூன்றில் கை வைக்க வேண்டாம். மற்றதெல்லாம் மலைக்குத் தகுந்தபடி மாறியே ஆகவேண்டும்.

முதலில் கண்ணாடி. கூடத்தில் 18 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று 11 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பில் பட்டாலும் நீராகிவிடும். வெளியே 6 டிகிரி இருக்கும் ஜனவரிக் காலையில் ஒற்றைக் கண்ணாடியின் உள்பக்கம் 9, 10 டிகிரிக்கு இறங்கிவிடும். வழியும் நீர் மரச்சட்டத்தில் ஊறி, கீழே ஒட்டிய பிளைவுட்டை உப்பவைக்கும். 6 மி.மீ. கண்ணாடி இரண்டு, நடுவில் 12 மி.மீ. காற்று என்ற இரட்டைக் கண்ணாடியில் உள்பரப்பு 13 டிகிரிக்குக் கீழே போகாது. விலை கூடுதல்தான். ஆகவே கண்ணாடியின் அளவைக் குறைத்து, இருப்பதைக் கிழக்கிலும் தெற்கிலும் வையுங்கள். சமவெளியில் வெயிலுக்குப் பயந்து ஒளிவோம். இங்கே காலை வெயில் இலவசமாகக் கிடைக்கும் ஹீட்டர்.

பணமும் ஆவணங்களும் வைக்கும் ஸ்ட்ராங் ரூமை, மலைச்சரிவை வெட்டிய பக்கத்தில் மண்ணைத் தாங்கும் சுவரோடு ஒட்டிக் கட்டுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. பாதுகாப்பு என்று நினைத்துச் செய்கிறார்கள். ஆனால் மலையிலிருந்து கசியும் நீர் கான்கிரீட்டில் ஏறி, ஆவணங்களில் பூஞ்சை பிடிக்கும், நோட்டுக் கட்டுகள் நமத்துப்போகும். தாங்குசுவருக்கும் கட்டடத்துக்கும் இடையே குறைந்தது 600 மி.மீ. இடைவெளியும், அடியில் சாய்வான வடிகாலும் வேண்டும். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்கும்போதும் கவனம்: கம்ப்ரஸர் வகை 15 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது, அதன் குளிர்க்குழாய்ச் சுருளில் பனி பிடித்துக்கொள்ளும். ஈரம் உறிஞ்சும் பொருள் பூசிய சக்கரம் சுழலும் வகையே மலைக்கு ஏற்றது.

கூடத்துக்குச் சூடு தேவை என்பதை வரைபடத்திலேயே ஒப்புக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஊழியர்கள் வீட்டிலிருந்து 2,000 வாட் ஹீட்டரைக் கொண்டுவந்து, கைக்கு எட்டும் யு.பி.எஸ். பாயின்டில் செருகுவார்கள். யு.பி.எஸ். ட்ரிப் ஆகும், எல்லாக் கவுன்டரும் ஒன்றாக நிற்கும். அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை, கால் விறைக்கும் இடத்தில் எட்டு மணிநேரம் உட்காருகிறார்கள். ஒவ்வொரு கவுன்டருக்கு அடியிலும் 200 வாட் பேனல் ஹீட்டர், அதற்கு யு.பி.எஸ்.ஸோடு சேராத தனி லைன். கூடத்துக்கு, சூடும் தரும் இன்வெர்ட்டர் ஏசி. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். வாசலில் இரண்டு கதவுகள், நடுவே இரண்டு மீட்டர் இடம். குடையும் ஈரச் செருப்பும் அங்கேயே நிற்கட்டும். தரைக்குப் பளபளப்பு டைல்ஸ் வேண்டவே வேண்டாம், வழுக்கும்.

ஜெனரேட்டர் அளவைச் சமவெளிக் கணக்கில் எடுக்காதீர்கள். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் 20 சதவீதம் குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத என்ஜினின் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். குளிரில் பேட்டரியும் சோர்ந்துவிடும். மரம் விழுந்து கரன்ட் போகும் மழைநாளில் இரண்டும் ஒன்றாகக் காலை வாரும். சர்வர், யு.பி.எஸ். அறையின் சூடான காற்றை வெளியே தள்ளாமல், வடிகட்டி வைத்துக் கூடத்துக்குத் திருப்பிவிடலாம்.

பெயர்ப்பலகைக்குப் பின்னொளி ஃப்ளெக்ஸ் வேண்டாம். மூடுபனியில் வெளிச்சம் சிதறி எழுத்தே தெரியாது. தனித்தனி அக்ரிலிக் எழுத்துகள், உள்ளே மழை தாங்கும் எல்.இ.டி., ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் 6 மி.மீ. வடிதுளை ஒன்று. பொருத்துபவர் அந்தத் துளையை சிலிக்கோன் பசை வைத்து அடைத்துவிட்டுப் போவார், பக்கத்தில் நின்று பாருங்கள். ஒயர்களை இரும்புக் குழாய்க்குள் விடுங்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தொங்கும் எதையும் குரங்கு விட்டுவைக்காது.