பதிலடிக்கு அப்பால்

பயங்கரவாதத் தாக்குதல் ஒன்று நடந்து முடிந்ததும், எப்போது திருப்பி அடிப்பீர்கள் என்றுதான் மக்கள் அரசைக் கேட்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. தாக்குதலுக்கு உள்ளான நாட்டுக்குத் தற்காப்பு உரிமை உண்டென்பதை ஐ.நா. சாசனத்தின் 51ஆவது பிரிவே ஒப்புக்கொள்கிறது. ஆனால், ஏவியது இன்னொரு அரசு என்றால், குண்டு வீசித் திரும்பிய பிறகும் செய்ய வேண்டிய வேலை பெரும்பாலும் அப்படியே மிச்சமிருக்கும் என்பது என் எண்ணம்.

லிபியாவின் கதை இதற்கு நல்ல சான்று. 1986 ஏப்ரல் 5 அன்று மேற்கு பெர்லினில் அமெரிக்கப் படைவீரர்கள் கூடும் நடனவிடுதி ஒன்றில் குண்டு வெடித்தது. லிபியாவே காரணம் என்று கூறிய அமெரிக்கா, பத்தே நாட்களில் திரிப்போலியையும் பெங்காசியையும் விமானங்களால் தாக்கியது. லிபியாவின் ஆட்சியாளர் கடாஃபிக்குப் பாடம் புகட்டியாயிற்று என்று அப்போது பலர் நம்பினார்கள். 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பிக்கு மேலே பான் ஆம் 103 விமானம் வெடித்துச் சிதறி, தரையில் இருந்த 11 பேர் உட்பட 270 பேர் இறந்தனர்.

இம்முறை துப்பறிவாளர்கள் முன்னே நின்றார்கள். பரந்த நிலப்பரப்பில் வரிசையாக நடந்து பொறுக்கிச் சேர்த்த சிதைவுகளுக்கிடையே, கருகிய சட்டைத் துணியில் பதிந்திருந்த, விரல் நகம் அளவேயான மின்சுற்றுப் பலகைத் துண்டு ஒன்று அகப்பட்டது. அதைக் கொண்டு குண்டின் நேரக்கருவியையும், குண்டு இருந்த பெட்டியின் துணிகளைக் கொண்டு அவை விற்கப்பட்ட மால்டாக் கடையையும் தேடிப் பிடித்தார்கள். 1991இல் இரண்டு லிபியர்கள் மீது குற்றம் சுமத்தப்பட்டது. லிபியா அவர்களை ஒப்படைக்க மறுக்கவே, 1992இல் ஐ.நா. பாதுகாப்பு அவை விமானப் போக்குவரத்துக்கும் ஆயுத விற்பனைக்கும் தடை விதித்தது. மறு ஆண்டு வெளிநாட்டுச் சொத்துகளும் எண்ணெய்த் தொழிலுக்கான சில கருவிகளும் தடைக்குள் வந்தன. 1999இல் இருவரும் ஒப்படைக்கப்பட்டு, நெதர்லாந்தில் ஸ்காட்லாந்துச் சட்டப்படி விசாரிக்கப்பட்டனர். ஒருவர் தண்டிக்கப்பட்டார், மற்றவர் விடுவிக்கப்பட்டார். 2003இல் லிபியா தன் அதிகாரிகளின் செயலுக்குப் பொறுப்பேற்று, 270 கோடி டாலர் வரை இழப்பீடு தர இசைந்தது. அந்தத் தண்டனையைப் பற்றிய ஐயங்கள் இன்றும் ஓயவில்லை என்பதையும், தடைகளின் சுமையில் பெரும்பங்கு சாதாரண லிபியர்கள் மீதே விழுந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், விமானத் தாக்குதலால் பணியாத ஓர் அரசு, பல நாடுகள் சேர்ந்து பல ஆண்டுகள் தந்த நெருக்கடிக்குப் பணிந்தது.

2008 நவம்பர் 26 அன்று தொடங்கிய மும்பைத் தாக்குதலிலும் சான்றே பெரிய ஆயுதமாயிற்று. தாக்கியவர்களில் உயிரோடு பிடிபட்ட கசாப், எல்லைக்கு அப்பாலிருந்து தொலைபேசியில் கொல்லச் சொல்லிக்கொண்டிருந்தவர்களின் ஒட்டுக்கேட்கப்பட்ட குரல்கள் ஆகிய இரண்டும் சேர்ந்து, பாகிஸ்தான் மண்ணில் தீட்டிய சதி இது என்பதை மறுக்க இடமில்லாமல் செய்துவிட்டன. கசாப்புக்கு வழக்கறிஞர் எதற்கு என்று அன்று எரிச்சலோடு கேட்டவர்கள் பலர். வழக்கறிஞரோடு, உச்ச நீதிமன்றம் வரை மேல்முறையீட்டோடு நடந்த விசாரணை என்பதால்தான் அதன் முடிவை எந்த நாட்டின் முன்பும் தயக்கமின்றி வைக்க முடிந்தது.

பாகிஸ்தானுக்கு வலித்தது பணம் தொடர்பான கண்காணிப்பில்தான். எஃப்.ஏ.டி.எஃப். என்னும் பன்னாட்டு நிதிக் கண்காணிப்பு அமைப்பு 2018 ஜூனில் அந்நாட்டைச் சாம்பல் பட்டியலில், அதாவது கூடுதல் கண்காணிப்புக்கு உள்ளான நாடுகளின் பட்டியலில் வைத்து, 2022 அக்டோபரில்தான் விடுவித்தது. மும்பைத் தாக்குதலை நடத்திய லஷ்கர்-இ-தொய்பா அமைப்பின் நிறுவனரும், பல ஆண்டுகள் வெளிப்படையாக நடமாடியவருமான ஹாஃபிஸ் சயீத், அந்த இடைவெளியில்தான், 2020இல், பயங்கரவாதத்துக்கு நிதி திரட்டிய குற்றத்துக்காகப் பாகிஸ்தான் நீதிமன்றத்தாலேயே சிறைக்கு அனுப்பப்பட்டார்.

இராணுவ நடவடிக்கையே கூடாது என்று நான் வாதிடவில்லை. பயிற்சி முகாம் இருக்குமிடம் உறுதியாகத் தெரிந்து, அடுத்த தாக்குதல் நெருங்குகிறது என்றால், காத்திருப்பது அரசின் கடமைத் தவறு. தொலைக்காட்சிக்காகவும் தேர்தலுக்காகவும் நாள் குறிக்கப்படும் தாக்குதல் வேறு வகை; அது ஏவிய அரசின் தளபதிகளுக்கு உள்நாட்டில் ஆதரவைப் பெருக்கிக் கொடுத்துவிடக்கூடும்.

சான்று திரட்டும் வழியிலும் ஓட்டை உண்டு. நெருக்கடி தளர்ந்தால் ஏவிய அரசு பழைய வழிக்குத் திரும்பலாம். பட்டியலிலிருந்து விடுபடுவதற்கு வேண்டிய அளவு மட்டும் நடவடிக்கை எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். ஹாஃபிஸ் சயீத் 2020இல் தண்டிக்கப்பட்டது நிதி திரட்டியது தொடர்பான வழக்குகளில்தான்; மும்பைக் கொலைகளுக்காகப் பாகிஸ்தான் நீதிமன்றம் எதுவும் அவருக்குத் தண்டனை அளிக்கவில்லை.