மூடியருகே நிற்பவர்

சீனப் புத்தாண்டு விடுமுறை தொடங்கியதும் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் உற்பத்தி வரிசைகள் அடங்கிவிடும். எங்கள் வேலை அப்போதுதான் ஆரம்பமாகும். ஆண்டு முழுவதும் யாரும் எட்டிப் பார்க்காத கழிவுநீர்த் தொட்டிகளின் மூடிகளைக் கழற்றி, உள்ளிருக்கும் காற்றை அளந்து, ஆளை இறக்கி, அடியில் படிந்த சேற்றை வழித்து மேலேற்ற வேண்டும். உள்ளே ஒருவர் இறங்கினால், அவருக்காக மேலே மூடியருகே ஒருவர் நின்றே ஆக வேண்டும். அவரை ஸ்டேண்ட்பை என்போம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் தொழிலில் இருக்கும் நான், முதற்சில ஆண்டுகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நின்றேன்.

பட்டர்வொர்த்தில் வீடியோ கேசட்டுகள் வாடகைக்குக் கிடைத்த காலத்திலிருந்தே விண்வெளிப் படங்களின் மீது எனக்குத் தீராத ஈடுபாடு உண்டு. அக்கதைகளின் நாயகர்கள் அச்சத்தை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று நண்பர்களுக்குள் பேச்சு வரும்போதெல்லாம், பேச்சு முழுவதும் துணிந்து உள்ளே போகிறவரைப் பற்றியதாகவே இருக்கும். தொட்டி வேலைக்கு வந்த பிறகு என் பார்வை மாறிவிட்டது. இப்போதெல்லாம் அப்படியொரு காட்சி வந்தால், கதவுக்கு வெளியே நிற்பவர் என்ன செய்கிறார் என்றுதான் முதலில் கவனிக்கிறேன்.

2012ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சிதான் இதற்குக் காரணம். எந்தத் தொழிற்சாலை என்பது இங்கே தேவையில்லை. சுமார் நான்கு மீட்டர் ஆழமுள்ள தொட்டிக்குள், எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் இறங்கியிருந்தார். அவருடைய இடுப்பு வாரிலிருந்து கிளம்பிய கம்பி, தொட்டியின் வாய்மேல் நிறுத்திய முக்காலியின் கப்பி வழியாக என் கையருகே இருந்த வின்ச்சில், அதாவது கம்பியைச் சுற்றி ஆளை மேலே தூக்கும் கருவியில், முடிந்தது. ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை வாக்கி டாக்கியில் அழைத்து, அவர் பதில் சொன்னதும் நேரத்தைத் தாளில் குறிக்க வேண்டும். என் வேலை அவ்வளவுதான். 10.40க்குப் பதில் வந்தது. 10.45க்கு வரவில்லை. மீண்டும் அழைப்பதற்குள், காற்று அளக்கும் கருவி கீழே அலறத் தொடங்கியது.

அந்த அலறலைக் கேட்டவர்களுக்குத் தெரியும். அது காதில் விழுவதற்கு முன்பே வயிற்றில் விழுந்துவிடும். குனிந்து பார்த்தேன். தலைவிளக்கின் வெளிச்சம் அவர் நின்றிருந்த மூலையில் இல்லை. என்ன நினைத்தேன் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. எதுவும் நினைக்கவில்லை என்பதுதான் உண்மையாக இருக்கக்கூடும். என் வலது கால் தொட்டியின் விளிம்பைத் தாண்டி ஏணியின் முதற்படியைத் தேடிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு கை என் இடைவாரைப் பற்றி இழுத்தது. மலாய்க்கார ஃபோர்மன், "ஜாங்ஙான் மாசோக்! வின்ச்! வின்ச்!" என்று என் காதுக்குள் கத்தினார். இறங்காதே என்ற சொல்லை விட, வின்ச் என்ற சொல்தான் என்னைத் திருப்பியது. செய்வதற்கு ஒன்று இருக்கிறது என்பதை அது நினைவூட்டியது. சுற்றத் தொடங்கினேன்.

அண்ணன் மேலே வந்தார், முழு நினைவோடும் மிகுந்த எரிச்சலோடும். வாக்கி டாக்கி சேற்றில் விழுந்துவிட்டிருந்தது. கருவி அலறியதும் அவர் தாமாகவே ஏணியை நோக்கித் திரும்பியிருக்கிறார். அதனால்தான் விளக்கு அந்த மூலையில் இல்லை. மேலே காற்றூதியின் குழாயைத் தள்ளுவண்டிச் சக்கரம் நசுக்கிவிட்டதால் உள்ளே காற்றோட்டம் குறைந்திருந்தது; கிளறிய சேற்றிலிருந்து வாயு எழுந்திருந்தது. நடந்ததெல்லாம் இவ்வளவுதான். முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, இன்னும் நடுங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அவர் கேட்டார்: "நீ எறங்கியிருந்தா, உன்னை யாருடா தூக்குறது?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய கணக்கு இருக்கிறது. அடைபட்ட இடங்களில் நேரும் மரணங்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் எச்சரித்தது. மலேசியாவில் இத்தகைய இடங்களுக்காக 2010இல் வந்த நடைமுறை விதித்தொகுப்பும் காற்றை அளக்காமல் யாரையும் உள்ளே விடுவதில்லை. உயிர்வளி 19.5 விழுக்காட்டுக்குக் குறையவும் கூடாது, 23.5 விழுக்காட்டைத் தாண்டவும் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு இன்னும் தந்திரமானது. முதலில் அழுகிய முட்டையின் நாற்றமாக வரும். அளவு கூடினால் மூக்கின் உணர்வே மரத்துப்போய், நாற்றம் போய்விட்டது என்று ஆள் நிம்மதியடைவான். அச்சப்பட வேண்டிய நேரத்தில் உடல் அமைதியாகவும், அமைதியாக இருக்க வேண்டிய நேரத்தில் பதறியும் நடந்துகொள்கிற இடம் அது. அதனால்தான் அங்கே உடலை நம்பாமல் கருவியையும் கயிற்றையும் தாளையும் நம்புகிறோம்.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் டியூன் நாவலை மறுபடியும் எடுத்தேன். 1965இல் வெளிவந்த அந்த நாவலின் தொடக்கத்திலேயே பால் என்ற இளைஞனுக்கு ஒரு சோதனை வருகிறது. பெட்டிக்குள் கையை வைக்க வேண்டும். கை வெந்து கருகுவதுபோல் வலிக்கும். வெளியே இழுத்தால் கழுத்தருகே காத்திருக்கும் நச்சூசி இறங்கிவிடும். அவன் மனத்துக்குள் ஒரு மந்திரத்தைச் சொல்லிக்கொள்கிறான். அச்சத்தை விரட்டாமல் தன் வழியாகக் கடந்துபோக விடுவதே அதன் சாரம். அச்சத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லோரும் இந்த மந்திரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அவனுடைய தாய் ஜெஸிக்கா அந்த நேரத்தில் கதவுக்கு வெளியே அனுப்பப்பட்டிருக்கிறாள் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? தானும் முன்பு அந்தச் சோதனைக்கு உட்பட்டவள் என்பதால், உள்ளே என்ன நடக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். நாவல் அவளை விட்டுவிட்டு மகனுடன் அறைக்குள்ளேயே இருந்துவிடுகிறது. 2021இல் வந்த திரைப்படம் அந்தக் குறையைத் தீர்த்தது: கதவுக்கு வெளியே நடுங்கியபடி அதே மந்திரத்தை முணுமுணுக்கும் தாயை அது காட்டுகிறது. திரையரங்கில் அந்த இடத்தில் என் விரல்கள் நாற்காலியின் கைப்பிடியைச் சுற்ற முயன்றன என்று சொன்னால் மிகையென்று நினைக்கக்கூடும். ஆனால் அப்படித்தான் நடந்தது.

மந்திரம் எங்களுக்கும் அந்நியமானதன்று. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்துச் செல்பவரின் பக்கத்தில், சிறு முக்காலியும் தண்ணீர்ப் புட்டியுமாக "வேல் வேல்" என்று சொல்லிக்கொண்டே நடக்கும் உறவினரைப் பார்த்திருப்பீர்கள். அலகு குத்திக்கொண்டவரின் முகம் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். பக்கத்தில் நடப்பவரின் முகத்தைப் பாருங்கள்.

மூடியருகே நிற்பவரின் கதையைச் சரியாகச் சொன்ன படம், என் கணக்கில், 1979இல் வந்த ஏலியன்தான். அந்நியக் கோளிலிருந்து திரும்பும் மூவரில் ஒருவரின் முகத்தை ஏதோ ஓர் உயிர் கவ்வியிருக்கிறது. கதவைத் திற என்று கப்பலின் தலைவரே வெளியிலிருந்து ஆணையிடுகிறார். உள்ளே பொறுப்பிலிருக்கும் ரிப்ளி, இருபத்துநான்கு மணிநேரத் தனிமைப்படுத்தல் விதியைச் சொல்லித் திறக்க மறுக்கிறாள். முதன்முறை பார்த்தபோது அவளைக் கல்நெஞ்சக்காரி என்றே நினைத்தேன். பதினைந்து வயதில் வேறெப்படி நினைக்க முடியும்? வேறொருவன் கதவைத் திறந்துவிடுகிறான். இறுதியில் அந்தக் கப்பலில் வந்த உயிர்களில் ரிப்ளியும் ஒரு பூனையும்தான் மிஞ்சுகின்றன. அவளுக்கும் அச்சம் இருந்தது. நண்பன் சாகக்கூடும் என்ற அச்சத்தை ஒரு கையிலும், எல்லோரும் சாகக்கூடும் என்ற அச்சத்தை மறு கையிலும் ஏந்திக்கொண்டு, அவள் விதியின் பக்கம் சாய்ந்தாள். தொட்டிக்குள் ஆளை இறக்க அனுமதிக்கும் பெர்மிட் தாளில் கையெழுத்திடும் எவருக்கும் இது புரியும்.

ஸ்டார் வார்ஸ் நாயகர்கள் இதில் தோற்றுத்தான் பாடம் படிக்கிறார்கள். 1980இல் வந்த படத்தில், நண்பர்கள் துன்பப்படுவதை முன்கூட்டியே உணரும் லூக், போகாதே என்று ஆசான்கள் தடுத்தும் பயிற்சியைப் பாதியில் விட்டுக் கிளம்புகிறான். ஒரு கையை இழந்து, நகரத்துக்கு அடியில் தொங்கிக்கொண்டிருக்கும் அவனை, அவன் காப்பாற்றப் போன லேயாவே வந்து மீட்க வேண்டியதாகிறது. அண்ணன் கேட்ட கேள்விதான் அங்கேயும். 2005இல் வந்த படத்தில் அவனுடைய தந்தை அனகின் படும் பாடு இன்னும் மோசமானது. மனைவி பிரசவத்தில் இறப்பதாகக் கனவு கண்டு, அதைத் தடுப்பதற்காக எதையும் செய்யத் துணிந்து, அவளுடைய சாவுக்கு அவனே காரணமாகிறான். இருவரும் தமக்காக அஞ்சியவர்கள் அல்லர். தமக்கான அச்சத்தை வெல்ல அவர்களுக்கு வாளும் பயிற்சியும் இருந்தன. பிறருக்கான அச்சம் வந்தபோது அதை அன்பென்றே நம்பினார்கள். என் கால் விளிம்பைத் தாண்டியபோது நானும் அப்படித்தான் நம்பினேன்.

1982இல் வந்த ஸ்டார் ட்ரெக் படத்தின் இறுதிப் பகுதியில் வரும் ஒரு காட்சியை மட்டும் நான் பயிற்சி வகுப்பில் போட்டுக் காட்டுவதுண்டு. கப்பலைக் காப்பாற்ற ஸ்பாக் கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் போய்விட்டான். ஓடிவரும் கேப்டன் கிர்க்கை மருத்துவரும் பொறியாளரும் பிடித்து நிறுத்துகிறார்கள்; கதவைத் திறந்தால் கதிர்வீச்சு வெளியே பரவிவிடும். கண்ணாடித் தடுப்பின் இருபுறமும் இருவரும் கையை வைத்துக்கொள்கிறார்கள். இளைஞர்கள் கிர்க்கைப் பார்க்கிறார்கள். நான் படத்தை நிறுத்தி, அவரைப் பிடித்திருக்கும் இருவரின் கைகளைக் காட்டுகிறேன். உடனே யாராவது, "சார், எங்க தொட்டியில கண்ணாடி இல்லையே" என்பார்கள். சிரிப்பு அடங்கியதும் வின்ச்சுக்குப் போவோம்.

அந்த 2012ஆம் ஆண்டுத் தாளின் நகல் இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. 10.40 என்பது வரை எழுத்து ஒழுங்காக இருக்கிறது. 10.45க்கான கட்டத்தில் பேனா தாளைக் கிழித்த தடம் மட்டுமே. அதற்குக் கீழே, வேறொருவரின் கையெழுத்தில், 10.52 என்றும் ஆள் வெளியே என்றும் மலாயில் குறிக்கப்பட்டிருக்கிறது. எழுதியவர் ஃபோர்மன்.

சென்ற விடுமுறையில் ஸ்டேண்ட்பையாக நின்றவள், வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத பெண். உள்ளே இருந்தவன் பதில் சொல்லச் சற்றுத் தாமதித்தான். முப்பது வினாடி இருக்கலாம். அவள் இரண்டாம் முறை அழைத்தாள். இடக்கை வின்ச் கைப்பிடியின் மீது இருந்தது. கண் மூடியை விட்டு அகலவில்லை. பதில் வந்தது. நேரத்தைக் குறித்துவிட்டு, தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "சார், மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போயி நில்லுங்க." குனிந்து பார்த்தேன். கோட்டைத் தாண்டி மூன்றடி உள்ளே வந்திருந்தேன்.